பிளான்டட் டேங்க்ல கல்லு போடதுக்கு முன்ன: நம்ம குமரி மாவட்ட தண்ணிக்கு எது ஒத்துவரும்

மக்கா, பிளான்டட் டேங்க், அதாவது உள்ள செடி வளக்குத மீன் தொட்டி, செட் பண்ண நெனைக்க ஆளுங்க மொதல்ல கேக்கது லைட்டு எத்தன வாட்ஸ், செடிக்கு சிஓ2 (கார்பன் டைஆக்சைடு) வேணுமா, என்ன உரம் போடணும்னுதான். அடியில போடுத கல்லப் பத்தி கேக்கவங்க ரொம்ப கம்மி. கடைல கலர் பாத்து நாலு பாக்கெட் வாங்கிட்டு வந்து கழுவி போட்டுருவாங்க. ஆனா லைட்ட நாளைக்கே மாத்தலாம், உரத்த நிறுத்தலாம், ஃபில்டர கழட்டி வேற வைக்கலாம், கல்லு மட்டும் ஒருமட்டம் போட்டு செடி வேர் புடிச்சாச்சுன்னா டேங்க கலைக்காம எடுக்க முடியாது, அது ராவும் பகலும் உள்ளயே கெடந்து தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே இருக்கும். அதனாலதான் இத நீளமா எழுதுதேன், பொறுமையா வாசிங்க.

ஒரே கடைல ஒரே கல்ல வாங்கி குலசேகரத்துல ஒருத்தரும் முட்டத்துல ஒருத்தரும் போட்டா ரெண்டு டேங்க்லயும் ஒரே மாதிரி நடக்காது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள்ல நிக்குத தண்ணி மலையில பெய்த மழை, அது ஓடி வர்ற பாறை சார்னோகைட், நைஸ் மாதிரியான பாறைங்க, அதுல சுண்ணாம்பு ரொம்ப கம்மி, அதான் கோதையாத்துலயும் பரளியாத்துலயும் சோப்பு போட்டா நுரை போகவே மாட்டேங்கும். நாகர்கோவில் டவுனுக்கு வர்ற முக்கடல் அணை தண்ணியும் மலைத்தண்ணிதான். மேக்க அருமனை, மார்த்தாண்டம் பக்கம் செம்மண்ணுலயும் வெட்டுக்கல்லுலயும் தோண்டின கெணத்து தண்ணிய அளந்தா பெரும்பாலும் பிஹெச் 7-க்கு கீழதான், அதாவது லேசா அமிலப் பக்கமாத்தான் காட்டும். கடலோரத்துல குளச்சல், மணவாளக்குறிச்சி, மணக்குடி பக்கம் போர் போட்டா பல எடத்துல ஹார்டு, அதாவது சுண்ணாம்புச்சத்து கூடின தண்ணி, சில எடத்துல உப்பே கரிக்கும். கெழக்க ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் மழையும் கம்மி, போர் தண்ணிய கொதிக்க வச்ச பாத்திரத்துல அடியில வெள்ளையா படியும். பக்கத்து பக்கத்து வீட்டு கெணத்துலயே வித்தியாசம் இருக்கும், அதனால நான் இங்க சொன்னத வச்சு உங்க தண்ணி இதுதான்னு முடிவு பண்ணிராதீங்க, கேஹெச் ஜிஹெச் டெஸ்ட் கிட் ஒண்ணும் டிடிஎஸ் மீட்டர் ஒண்ணும் வாங்கி (இதெல்லாம் என்னன்னு அடுத்து சொல்லுதேன்) நீங்களே அளந்து பாருங்க. மழைக்காலத்துல ஒரு மட்டம், மேடத்துல, அதாவது சித்திரைல, வெயில் காய்ற நேரம் ஒரு மட்டம் அளக்கணும், ரெண்டும் ஒண்ணா இருக்காது.

தண்ணிக்குள்ள கல்லு என்ன பண்ணுது

மூணு சொல்ல மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க. ஜிஹெச்ன்னா தண்ணில இருக்க கால்சியமும் மெக்னீசியமும். கேஹெச்ன்னா பைகார்பனேட், அதாவது பிஹெச் சட்டுன்னு விழுந்துராம தாங்கிப் புடிக்க சத்து. ரெண்டையும் டிகிரில சொல்லுவாங்க, ஒரு டிகிரிங்கது ஏறக்குறைய 17.9 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். பிஹெச் என்னன்னு உங்களுக்கே தெரியும். டிடிஎஸ்ங்கது தண்ணில கரைஞ்சிருக்கது மொத்தமும், அதுல உப்பும் உண்டு, உரமும் உண்டு, மீன் கழிவும் உண்டு, அதனால டிடிஎஸ் நம்பர மட்டும் வச்சு தண்ணி ஹார்டு சாஃப்ட்னு முடிவு பண்ண முடியாது.

நம்ம பக்கம் கடற்கரையில பொறுக்குத சிப்பிய சூளையில போட்டு சுட்டுதான வெத்தலைக்கும் செவத்துக்கும் சுண்ணாம்பு எடுத்தாங்க. அந்த சிப்பியும், பவளக்கல்லும், சுண்ணாம்புக்கல்லும், மார்பிளும் எல்லாம் ஒரே சரக்குதான், கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணில அது லேசுல கரையாது. ஆனா தண்ணில சிஓ2 இருந்தா அது கார்பானிக் ஆசிட் ஆகுது, அது சிப்பிய அரிக்குது, கால்சியம் ஜிஹெச்ல சேருது, பைகார்பனேட் கேஹெச்ல சேருது. ரெண்டும் சேர்ந்தே ஏறும், கூடவே பிஹெச்சும் ஏறும்.

பிளான்டட் டேங்க்ல இது ஏன் பெரிய விசயம்னா, நாமதான சிலிண்டர் வச்சு சிஓ2 விடுதோம். சிஓ2 விடாத சாதா டேங்க்ல சாஃப்ட் தண்ணி ஊத்தி சிப்பி கலந்த கல்லு போட்டா கேஹெச் ஏறக்குறைய 3 டிகிரி கிட்ட போயி ஏத்தம் நின்னுரும், காத்துல இருக்க சிஓ2 அவ்வளவுதான் கரைக்க விடும். அதே கல்லு கெடக்க டேங்க்ல 30 பிபிஎம் சிஓ2 ஓடுதுன்னா 10 டிகிரி தாண்டியும் ஏறிக்கிட்டே போவும். சிஓ2 இல்லாத டேங்க் வச்சிருக்கவரு "எனக்கு ஒண்ணும் ஆகலியே, அந்தக் கல்லு நல்ல கல்லுதான்"னு சொன்னா அவரு சொல்லது உண்மைதான், ஆனா உங்க டேங்க்குக்கு அது பொருந்தாது.

எவ்வளவு சிப்பி கெடந்தா இது நடக்கும்னு கேப்பீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 60-க்கு 30-க்கு 30 செமீ டேங்க்ல 54 லிட்டர் புடிக்கும். அதுல ஒரே ஒரு கிராம் சிப்பி கரைஞ்சா போதும், கேஹெச்சும் ஜிஹெச்சும் ஆளுக்கு ஒரு டிகிரி ஏறும். அதே டேங்க்ல 5 செமீ உயரத்துக்கு கல்லு போட்டா 14 கிலோ கிட்ட வரும். அதுல நூத்துக்கு அஞ்சு பங்குதான் சிப்பித்தூள்னு வச்சுக்கிடுங்க, அதுவே 700 கிராம். ஒரு கிராமுக்கு ஒரு டிகிரின்னா 700 கிராம் என்னைக்கு கரைஞ்சு தீர? தண்ணி மாத்த மாத்த அது புதுசா கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். "கொஞ்ச நாள்ல சரியாயிரும்"னு காத்திருக்கதுல பிரயோஜனமே இல்ல.

மலைத்தண்ணிக்கும் கடலோர தண்ணிக்கும் வித்தியாசம் இங்கதான் வருது. சாஃப்ட் தண்ணில ஒண்ணுமே இல்ல, அதனால கல்லு என்ன குடுக்குதோ அதுதான் அந்த டேங்க்கோட தண்ணி, கல்ல தப்பா எடுத்தா மொத்தமும் மாறிரும். ஏற்கனவே கேஹெச் 12, 13 இருக்க போர் தண்ணில கால்சியம் கார்பனேட் கிட்டத்தட்ட நெறைஞ்சு நிக்குது, அதுல மார்பிள் கல்ல போட்டாலும் பெருசா கரையாது, கல்லால வர்ற வித்தியாசம் கொஞ்சம்தான். ஆக மழைத்தண்ணியும் ஆத்துத்தண்ணியும் கெடைக்கவங்கதான் கல்லு விசயத்துல ரொம்ப கவனமா இருக்கணும். நல்ல தண்ணி கைல இருக்கதால கல்லு எதுவா இருந்தா என்னன்னு நெனைக்கது அப்படியே நேர் மாறான கணக்கு.

கேஹெச் ஏறினா செடிக்கும் மீனுக்கும் என்ன ஆகும்

எல்லா செடியும் ஹார்டு தண்ணில செத்துராது, அத மொதல்லயே சொல்லிருதேன். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா எல்லாம் பைகார்பனேட்லேருந்தே கார்பன எடுத்துக்கிடும், இலையில வெள்ளையா சொரசொரன்னு படிஞ்சிருந்தா அது அந்த வேலையோட அடையாளம். ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ், நெறைய கிரிப்டோகோரைன் எல்லாம் அனுசரிச்சுப் போவும். கஷ்டப்படுதது டோனினா, எரியோகாலன், ரொட்டாலா மக்ராண்ட்ரா, சில அம்மானியா வகைங்க. இதுங்க கேஹெச் கூடின தண்ணில நுனி சுருண்டு, புது இலை சின்னதா வந்து, அப்படியே நின்னுரும்.

அடுத்தது இரும்பு. கடைல வாங்குத இரும்பு உரத்துல இரும்ப கரைச்சு வச்சிருக்க சரக்கு ஈடிடிஏவா இருந்தா பிஹெச் 6.5, 7 தாண்டும்போது அது இரும்ப கைவிட ஆரம்பிச்சுரும், டிடிபிஏ 7.5 வரைக்கும் தாக்குப் புடிக்கும். கல்லு பிஹெச்ச ஏத்திக்கிட்டு இருக்க டேங்க்ல நீங்க ஈடிடிஏ இரும்ப எவ்வளவு ஊத்துனாலும் புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அத பாத்துட்டு இன்னும் ரெண்டு மூடி ஊத்துவாங்க, பாசிதான் பெருகும். இலை வெளுத்தா உரத்த கூட்டதுக்கு முன்ன கேஹெச் என்னன்னு ஒரு நோட்டம் பாத்துருங்க.

மீனுக்கு வர்ற ஆபத்து இதவிட பெருசு, இத யாரும் அதிகமா பேசுததில்ல. சிஓ2 அளவு தெரிய ஒரு கணக்கு உண்டு, கேஹெச்ச மூணால பெருக்கி, அத பத்தின் அடுக்கு 7 கழித்தல் பிஹெச்சால பெருக்கணும். இதுல கேஹெச் 4, பிஹெச் 6.6-ன்னா 30 பிபிஎம் வரும், செடிக்கு நல்லது, மீனும் தாங்கும். பிஹெச் கன்ட்ரோலர்ல 6.6-ன்னு செட் பண்ணி வச்சிட்டு நீங்க நிம்மதியா இருக்கீங்க. கல்லு கரைஞ்சு கேஹெச் 4 இப்போ 8 ஆயிருச்சு. கன்ட்ரோலருக்கு கேஹெச் பத்தி ஒண்ணும் தெரியாது, அது பிஹெச்ச 6.6-க்கு கொண்டு வர சிஓ2 விட்டுக்கிட்டே இருக்கும், இப்போ அதே 6.6-ல சிஓ2 60 பிபிஎம். காலைல எழும்பி பாத்தா மீனெல்லாம் மேல வந்து வாய தெறந்து தெறந்து மூச்சு வாங்கும், சிலது போயிருக்கும். கல்லுல சந்தேகம் இருக்க டேங்க்ல கன்ட்ரோலர நம்பாதீங்க, டிராப் செக்கர் வைங்க, சிஓ2 அளவ கலர் மாறி காட்டுத சின்னக் குப்பி அது, அதுக்குள்ள ஊத்துதது தனியா 4 டிகிரி கேஹெச் தண்ணி, டேங்க் தண்ணி மாறினாலும் அது ஏமாறாது, பச்சைல நின்னா 30 கிட்ட இருக்குன்னு அர்த்தம்.

கல்ல டெஸ்ட் பண்ணுத முறை

கடையில நிக்கும்போதே ஒரு வேலை பாக்கலாம். வெள்ளைக் கல்ல கைல எடுத்து இரும்புக் கத்தி முனையால அழுத்தி கீறிப் பாருங்க. கோடு விழுந்து வெள்ளைத்தூள் உதிர்ந்தா அது மார்பிளோ சுண்ணாம்புக்கல்லோ, கத்தி வழுக்கிட்டுப் போயி கல்லு மேல இரும்புக் கறை மாதிரி கோடு விழுந்தா அது குவார்ட்ஸ், வெள்ளாரங்கல்லுன்னு சொல்லுவோம்லா, அது. மார்பிளோட கடினம் மோஸ் அளவுல 3, கத்தி 5.5 கிட்ட, குவார்ட்ஸ் 7. குவார்ட்ஸ் கல்லால கண்ணாடில கீறினா கண்ணாடிதான் கீறும். நல்லா பாலிஷ் போட்ட வெள்ளைக் கூழாங்கல் பாக்க ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும், கடைக்காரருக்கே பல நேரம் வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்கு வந்த பொறவு ஆசிட் டெஸ்ட். வினிகர் இல்லன்னா எலுமிச்சம் சாறு வச்சு பண்ணலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, பண்ணலாம்தான், ஆனா வினிகர் ரொம்ப மெதுவு, நாலு அஞ்சு சதவீதம்தான் அசிட்டிக் ஆசிட், கொஞ்சமா சிப்பி கலந்த கல்லுல நுரை வர்றது கண்ணுக்குத் தெரியாம போயிரும். பாத்ரூம் கழுவ வாங்குத ஆசிட்டுதான் சரியா காட்டும். வீட்டுக்கு வெளிய வச்சுப் பண்ணுங்க, கைக்கு கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது, பிளீச்சிங் பவுடர் பட்ட பாத்திரத்துல ஊத்தவே ஊத்தாதீங்க, விஷவாயு வரும்.

பாக்கெட்டுக்கு மேல இருக்க நாலு கல்ல எடுத்து பாத்தா போதாது. சிப்பித்துண்டு சின்னதா, லேசா இருக்கும், எங்கயாவது கெடக்கும், அதனால பாக்கெட்ட கவுத்துப் போட்டு கலக்கி ஒரு பிடி அள்ளி கண்ணாடி டம்ளர்ல போட்டு ஆசிட் விடுங்க. கல்லு மொதல்ல நனைஞ்சிருக்கணும், இது முக்கியம், வெட்டுக்கல்லு, லாவா கல்லு மாதிரி ஓட்டை உள்ள கல்லு காஞ்சிருந்தா உள்ள இருக்க காத்து குமிழா வெளிய வரும், அத பாத்துட்டு சுண்ணாம்புன்னு நெனச்சுருவீங்க. காத்துக் குமிழ் பெருசு பெருசா ரெண்டு மூணு வந்துட்டு நின்னுரும். கார்பனேட் நுரை அப்படி இல்ல, கல்லோட ஒடம்பு மேலயே பொடிப்பொடியா மொளைச்சு விடாம மேல ஏறும், டம்ளர காதுகிட்ட கொண்டு போனா சிர்ருன்னு சத்தம் கேக்கும், முகத்த மட்டும் மேல கொண்டு போயிராதீங்க. எந்தக் கல்லுல நுரைக்குதுன்னு கண்ண ஊணி பாருங்க, எல்லாக் கல்லுலயும் நுரைச்சா அந்தப் பாக்கெட்டே வேண்டாம், அங்கங்க ஒண்ணு ரெண்டு சிப்பித்துண்டுல மட்டும் நுரைச்சா அத சரி பண்ண வழி உண்டு, கீழ சொல்லுதேன்.

இதுலயும் தப்பிக்க ஒரு கல்லு உண்டு, டோலமைட். அது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட், முழுக்கல்லு மேல ஆசிட் விட்டா சும்மாவே இருக்கும், சுத்தியலால அடிச்சு பொடியாக்கி விட்டாத்தான் மெதுவா நுரைக்கும். வெள்ளைச் சிப்ஸ்ன்னு விக்கதுல இது நெறைய இருக்கும். அதனால சந்தேகம் வந்தா ஊற வச்சுப் பாக்கதுதான் கடைசி தீர்ப்பு.

ரெண்டு கண்ணாடி பாட்டில் எடுங்க. மழை பிடிச்சு ஒரு மணிக்கூர் பெய்ததுக்குப் பொறவு பாத்திரம் வச்சு பிடிச்ச மழைத்தண்ணி நல்லது, ஓட்டுல வழிஞ்சு வர்றது வேண்டாம், இல்லன்னா ஆர்ஓ தண்ணி. ஒண்ணுல மூணுல ஒரு பங்கு கழுவின கல்லு போட்டு தண்ணி ஊத்துங்க, இன்னொண்ணுல வெறும் தண்ணி மட்டும். ரெண்டையும் மூடி ஒரே எடத்துல ஒரு வாரம் வைங்க, தெனமும் ஒருமட்டம் குலுக்குங்க. ஆரம்பத்துலயும் கடைசிலயும் ரெண்டுலயும் டிடிஎஸ், கேஹெச், ஜிஹெச் மூணையும் எழுதி வைங்க. டிடிஎஸ் அஞ்சு பத்து ஏறினா தூசியா இருக்கும், கண்டுக்கிடாதீங்க. கேஹெச் பூஜ்யத்துலேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு ஏறினா கல்லு கரையுது. கேஹெச் கிட்ல 5 மில்லிக்கு ஒரு சொட்டு ஒரு டிகிரின்னா 10 மில்லி எடுத்து சொட்டு விடுங்க, அப்போ ஒரு சொட்டு அரை டிகிரி, சின்ன மாத்தமும் தெரியும்.

சிஓ2 டேங்க் வைக்கப் போறவங்க இதையே வெறும் சோடாவ ஊத்தி பண்ணிப் பாக்கலாம், பெட்டிக்கடைல கெடைக்க பிளெயின் சோடா, இனிப்பு, பன்னீர் எதுவும் சேராதது. அதுல சிஓ2 நம்ம டேங்க்ல இருக்கத விட எத்தனையோ மடங்கு, ஒரு ராத்திரிலயே கல்லு குணத்த காட்டிரும். சில சோடாவுல முன்னாடியே சோடா உப்பு கலந்திருக்கும், அதனால கல்லு போடாத சோடாவையும் ஒரு பாட்டில்ல வச்சு ரெண்டையும் ஒப்பிட்டுதான் முடிவு எடுக்கணும்.

நம்ம ஊர்ல கெடைக்குத கல்லும் மண்ணும்

கடற்கரை மண்ணுலேருந்து தொடங்குதேன், ஏன்னா "கன்னியாகுமரில ஏழு கலர்ல மண்ணு இருக்கே, டேங்க்ல போட்டா அழகா இருக்குமே"ன்னு கேக்கவங்க உண்டு. வேண்டாம் மக்கா. அந்த கறுப்பு இல்மனைட், செவப்பு கார்னெட், கூட ரூட்டைல், ஜிர்கான், சில்லிமனைட், அதோட மோனசைட்டும் கலந்து கெடக்கு. மோனசைட்ல தோரியம் இருக்கு, கதிரியக்கம் உள்ளது, மணவாளக்குறிச்சில ஐஆர்இஎல் கம்பெனி இந்த மண்ணைப் பிரிச்சு எடுக்கதுக்குத்தான இருக்கு. இத வீட்டுக்குள்ள கொண்டு வந்து தெனமும் பக்கத்துல ஒக்காந்து பாக்குத டேங்க்ல போட எந்தத் தேவையும் இல்ல, அனுமதி இல்லாம அள்ளதும் குத்தம். அது போக இல்மனைட் தண்ணிய விட 4.7 மடங்கு கனம், குவார்ட்ஸ் மணல் 2.65 மடங்குதான், அதனால அந்த மண்ணு கீழ இறுகி உக்காந்துரும், வேர் எறங்காது, அடியில காத்தில்லாம அழுகின முட்டை நாத்தம் வரும். எல்லாத்துக்கும் மேல சிப்பித்தூளும் உப்பும் அதுல எப்பவும் கலந்திருக்கும். டூரிஸ்ட்டுக்கு விக்க சங்கையும் சோழியையும் அழகுக்கு உள்ள வைக்கதும் இதே கதைதான், ஒரு கிராம் கணக்க மறந்துராதீங்க.

ஆத்து மணல், குழித்துறை ஆறு, பழையாறு பக்கத்து மணல்னா பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணிக்கு ஒண்ணும் பண்ணாது. பளபளன்னு மின்னுதது மைக்கா, அதனாலயும் பயம் இல்ல. ஆனா ஆறு கடல்ல சேருத எடத்துக்கு பக்கத்து மணல்ல நத்தை ஓடும் சிப்பியும் கெடக்கும். இன்னைக்கு ஆத்துல மணல் அள்ள முடியாது, அள்ளவும் கூடாது, வீட்டுல பழைய கட்டட வேலைல மிஞ்சின மணல் இருந்தா அரிச்சு எடுத்துக்கிடலாம், ஒரே நிபந்தனை, சிமென்ட் கலக்கின எடத்து மணலா இருக்கக் கூடாது. காரைத்துண்டும் சிமென்ட் பொடியும் பிஹெச்ச ஒரேயடியா ஏத்திரும், மீனு ஒரு ராத்திரி தாங்காது.

பாறைப்பொடி, எம்-சாண்ட் எல்லாம் நம்ம பக்கத்து பாறைய ஒடைச்சது, கெமிஸ்ட்ரிய பொறுத்தவரைக்கும் நல்லதுதான், கரையாது. மாவு மாதிரி தூசிய கழுவிக் களையத்தான் பாடு, அரிப்புல போட்டு 2, 3 மில்லிமீட்டர் சைஸ் மட்டும் நிறுத்தி மத்தத விட்டுருங்க. ஓரம் கூரா இருக்கதால அடியில மேயுத கோரிடோராஸ், அயிரை மாதிரி மீனுக்கு மீசை தேஞ்சு போவும், அந்த மீனு வளக்கவங்க இத எடுக்காதீங்க.

வெட்டுக்கல்லு, செம்மண்ணு நம்ம மேற்குப் பக்கத்து சொத்து. இதுல இரும்பு நெறைய, சுண்ணாம்பு கெடையாது, கேஹெச் ஏறாது. லேட்டரைட்ன்னு பேரு போட்டு வெளிநாட்டுல பிளான்டட் டேங்க்குக்கு அடியில போட விக்கதும் இதே வகைதான். உரம் படாத எடத்துலேருந்து ஒரு அடிக்கு கீழ தோண்டி எடுத்து, காயவச்சு, பொடிச்சு, அடியில ஒரு செமீ மட்டும் பரத்தி மேல 5 செமீ மணல் போடுங்க, கிரிப்டோகோரைன், அமேசான் சோர்டு ரெண்டும் வேர் வழியா சாப்பிடுதது, அதுக்கு ரொம்ப நல்லது. ரப்பர் தோட்டத்து மண்ணு, வாழைத்தோப்பு மண்ணு வேண்டாம், அதுல உரமும் மருந்தும் உண்டு. செடி புடுங்கி நடும்போது மேல கலங்கிரும், அதனால அடிக்கடி எடம் மாத்துதவங்களுக்கு இது சரிப்படாது.

சாயம் பூசின நீலக்கல்லு பச்சைக்கல்லப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, நாள்பட்டா பூச்சு உரியும், உள்ள என்ன கல்லுன்னும் தெரியாது.

அக்வா சாயில் இதுக்கெல்லாம் நேர் எதிர். அது சுட்ட மண்ணு உருண்டை, தண்ணில இருக்க கால்சியத்த தன் மேல இழுத்துக்கிட்டு கேஹெச்ச தின்னு பிஹெச்ச கீழ கொண்டு வரும், பெரும்பாலும் 6-லேருந்து 6.8-க்குள்ள நிறுத்தும். நெறைய பிராண்டுல மொத சில வாரம் அம்மோனியா கக்கும், அது அடங்காம மீனு விடக்கூடாது. இதுக்கு ஒரு அளவு உண்டு, ஹார்டு தண்ணி ஊத்த ஊத்த அதோட சக்தி சீக்கிரம் தீந்துரும். மலைத்தண்ணி உள்ளவங்களுக்கு வருசக்கணக்குல வேலை செய்யுத சாயில் கேஹெச் 12 உள்ள போர் தண்ணில சில மாசத்துலயே சாதா கல்லு ஆயிரும். கடலோரத்துல இருக்கவங்க சாயிலுக்கு காசு போடதுக்கு முன்ன ஆர்ஓவுக்கு காசு போடுங்க, இல்லன்னா மழைத்தண்ணி தொட்டி கட்டுங்க, நமக்கு தென்மேற்கும் வடகிழக்கும்னு ரெண்டு மழையும் கெடைக்குது, இத விட்டுக் குடுக்கது பெரிய நஷ்டம். அப்புறம் அக்வா சாயிலுக்கு முன்னால பாதை மாதிரி வெள்ளை மணல் போடுத ஸ்டைல் ஒண்ணு உண்டுல்லா, அந்த வெள்ளை மணல் மார்பிள் பொடியா இருந்தா ஒரு பக்கம் மண்ணு கேஹெச்ச தின்னும், இன்னொரு பக்கம் மார்பிள் கேஹெச்ச ஊட்டும், சாயில் சீக்கிரமே செத்துரும். அங்க சிலிக்கா மணல் மட்டும்தான். கல்லு அலங்காரத்துலயும் சைரியு கல்லு நுரைக்கும், டிராகன் கல்லு நுரைக்காது.

சுண்ணாம்பே ஆகாதுன்னு நான் சொல்லல. மேற்குப் பக்கத்து கெணத்து தண்ணி கேஹெச் பூஜ்யம், ஒண்ணுன்னு இருக்க டேங்க்ல மீனு கூட இருந்தா பாக்டீரியா அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்துத வேலைல கேஹெச்ச தின்னு தீத்துரும், ஒரு பிபிஎம் அம்மோனியா நைட்ரஜனுக்கு அரை டிகிரிக்கு கொஞ்சம் கம்மி போவும். தீந்தவுடனே பிஹெச் தடால்னு விழும். நத்தை ஓடு குழி விழுந்து வெளுத்துப் போறதும் இதுலதான். இங்க கோழித்தீவனக் கடைல விக்க சிப்பித்தூள் ஒரு கரண்டி, இல்லன்னா கடற்கரைல ஒதுங்குத கணவா ஓடு சின்னத் துண்டு நல்ல தண்ணில ஊறப்போட்டு உப்பு போன பொறவு, ஒரு நெட்டு பையில கட்டி ஃபில்டருக்குள்ள வைங்க. பையில இருந்தா கேஹெச் 3, 4 வந்ததும் வெளிய எடுத்துரலாம், கல்லோட கலந்து போட்டா எடுக்க முடியாது. கப்பி, மோலி வளக்கவங்களுக்கு ஹார்டு தண்ணிதான் இஷ்டம், அவங்க கொஞ்சம் கூடவே விட்டாலும் தப்பில்ல.

ஏற்கனவே போட்டாச்சுன்னா

மொதல்ல குத்தவாளி கல்லுதானான்னு உறுதி பண்ணுங்க. தண்ணி மாத்தின மறுநாள் ஒருமட்டம், அடுத்து தண்ணி மாத்ததுக்கு முன்ன ஒருமட்டம் அளந்து எழுதி வைங்க. கேஹெச்சும் ஜிஹெச்சும் ஒரே அளவுல சேர்ந்து ஏறினா கார்பனேட் கல்லு. ஜிஹெச் மட்டும் ஏறினா உரத்துலயோ வேற எதுலயோ கால்சியம், மெக்னீசியம் வருது. டிடிஎஸ் மட்டும் ஏறி மத்தது ரெண்டும் அப்படியே நின்னா உரமும் கழிவும் சேருது, கல்லு மேல பழி இல்ல. இன்னொரு விசயம், ஆரல்வாய்மொழி பக்கம் காத்து காலத்துல தெறந்த டேங்க்ல தண்ணி வேகமா வத்தும், வத்தின எடத்துக்கு போர் தண்ணியவே ஊத்துனா உப்பு அத்தனையும் உள்ளயே தங்கி கேஹெச்சும் ஜிஹெச்சும் சேர்ந்து ஏறும், பாத்தா கல்லு கரைஞ்ச மாதிரியே இருக்கும். அதனால ரெண்டு வாரம் வத்தினதுக்கு மழைத்தண்ணியோ ஆர்ஓவோ மட்டும் ஊத்திப் பாருங்க, அப்பவும் ஏறினா கல்லுதான்.

கல்லுன்னு தெரிஞ்ச பொறவு பிஹெச் டவுன் மருந்து வாங்கி ஊத்துதத மட்டும் செய்யாதீங்க. ஆசிட் கேஹெச்ச கொறைக்கும், கொறைஞ்ச எடத்துல கல்லு இன்னும் வேகமா கரைஞ்சு கேஹெச்ச திருப்பிக் கொண்டு வரும், வரும்போது ஜிஹெச்சையும் கூட்டிக்கிட்டு வரும். நாலு நாள்ல பிஹெச் பழைய எடத்துல, தண்ணி முன்னவிட ஹார்டு. பிஹெச் எறக்க வாதாமர இலை போடதும் இந்த டேங்க்ல கலர் மட்டும்தான் குடுக்கும்.

சிப்பி அங்கங்க மட்டும் கெடக்க குவார்ட்ஸ் கல்லுன்னா காப்பாத்தலாம். டேங்க்ல போடாத கல்லா இருந்தா பிளாஸ்டிக் வாளில பத்து பங்கு தண்ணி ஊத்தி அதுல ஒரு பங்கு ஆசிட் விடுங்க, தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தக் கூடாது. அதுல கல்ல மெதுவா எறக்கி நுரை நிக்கது வரைக்கும் விடுங்க, நின்னா தண்ணிய மாத்தி புது ஆசிட் விட்டு மறுபடியும் பாருங்க, நுரையே வரலன்னா முடிஞ்சுது. பொறவு நல்ல தண்ணில பல மட்டம் அலசி, சோடா உப்பு கரைச்ச தண்ணில ஒரு ராத்திரி போட்டு, திரும்பவும் அலசி, ஊற வைக்குத டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு போடுங்க. மார்பிள் கல்லுல இத பண்ணாதீங்க, கல்லு மொத்தமும் கரையணும்.

ஓடிக்கிட்டு இருக்க டேங்க்லேருந்து எடுக்கணும்னா ஒரே நாள்ல எடுக்காதீங்க, நல்ல பாக்டீரியா பாதி கல்லுலதான் இருக்கு. ஒரு இஞ்ச் ஓஸ் வச்சு தண்ணி மாத்தும்போதே மூணுல ஒரு பங்கு கல்ல உறிஞ்சி வாளிக்கு எடுங்க, அந்த எடத்துல கழுவின புதுக் கல்லு போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த பங்கு. அடியில கறுப்பா சேர்ந்த அழுக்கு கெளம்பும், அன்னைக்கு ஃபில்டர் கழுவாதீங்க, பாதிக்கு மேல தண்ணி மாத்துங்க, அடுத்த மூணு நாளு அம்மோனியா பாருங்க. கேஹெச் 10-லேருந்து 3-க்கு ஒரேயடியா எறக்கினா எறாலும் மீனும் தாங்காது, வாரத்துக்கு ரெண்டு டிகிரி எறங்குத மாதிரி மழைத்தண்ணிய கலந்து கலந்து கொண்டு வாங்க. சிஓ2 கன்ட்ரோலர் வச்சிருக்கவங்க ஒவ்வொரு ரெண்டு டிகிரி எறங்கும்போதும் பிஹெச் செட்டிங்கயும் திருப்பி வைக்கணும், கேஹெச் 10-ல 7.0, 4-ல 6.6, 2-ல 6.3, இந்த மூணுலயும் சிஓ2 அதே 30 பிபிஎம்தான்.